பழகாத லவ் பேர்ட்ஸைப் பிடிக்காமல் புதுக் கூண்டுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான். சந்தையில் வாங்கிய நான்கு லவ் பேர்ட்ஸ் சில வாரங்களாக ஒரு சின்னக் கூண்டில் இருக்கின்றன. தீனி வைக்கக் கை உள்ளே போனாலே நான்கும் கம்பியில் மோதிக்கொண்டு பறக்கின்றன. இப்போது பெரிய கூண்டு வாங்கியாயிற்று. அடிபடாமல், பயத்தில் செத்துப்போகாமல், வீட்டுக்குள் தப்பிவிடாமல் எப்படி மாற்றுவது?

முடிந்தவரை கையால் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இரண்டு கூண்டையும் வாசலோடு வாசல் சேர்த்து வைத்துவிட்டு, அவையாகவே போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அரை நாளில் முடியலாம், இரண்டு நாளும் ஆகலாம். அவசரம் நமக்குத்தான், பறவைக்கு இல்லை. கையால் பிடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில், கை ஏன் வேண்டாம் என்பதைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜிகள். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளிகள். 1840-இல் ஜான் கூல்ட் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்போதிருந்து எத்தனையோ தலைமுறை கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டன. ஆனால் கூண்டில் பிறந்ததும் மனிதனிடம் பழகியதும் ஒன்றல்ல. பல்லாவரம் சந்தையில் வாங்கினாலும் சரி, தெருமுனைக் கடையில் வாங்கினாலும் சரி, அந்தப் பறவை பெரும்பாலும் ஒரு பெரிய வலைக்கூண்டில், மண்பானைக்குள் பொரிந்து, தாய் தகப்பன் ஊட்டி வளர்ந்ததாக இருக்கும். மனிதக் கை அதன் வாழ்க்கையில் வந்ததே வலையில் பிடித்து அட்டைப்பெட்டியில் போடத்தான். அதனால் கை வந்தால் அது உயிர்ப் பிரச்சினை என்றே நினைக்கும். அதிலும் மேலிருந்து இறங்கும் கையைக் கண்டால் பருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் பிற்பாடு இவற்றைப் பழக்க நினைக்கிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். கூண்டு மாற்றும் நாளில் நான்கையும் துரத்திப் பிடித்தால், அதற்கு முன் சில வாரங்களில் உங்களைப் பார்த்து அடைந்த கொஞ்ச நஞ்ச நிதானமும் போய்விடும். கைபடாமல் மாறிய பறவைகள் அடுத்த நாளே வழக்கம்போலத் தீனி தின்னும்.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். புதுக் கூண்டை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் கம்பிக் கூண்டுகள் பலவும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியால் ஆனவை. புதிதில் கம்பியின் மேல் வெள்ளைப் பொடியும், பற்றவைத்த இடங்களில் சின்னச் சின்னத் திரளும் இருக்கும். பட்ஜி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பறவை, அந்தத் துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகர் கலந்த தண்ணீரில் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவிடுங்கள். கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். பிறகு கதவுகளைப் பாருங்கள். மேலே தூக்கித் திறக்கும் கதவுகளையும் தீனிக் கிண்ணத்துக்கான சின்னக் கதவுகளையும் பட்ஜி அலகால் தூக்கிவிடும். முழுதாக வெளியே வந்தால்கூடப் பரவாயில்லை, பாதியில் கதவு கழுத்தில் விழுந்தால் ஆபத்து. ஒவ்வொரு கதவிலும் ஒரு க்ளிப் போட்டுவிடுங்கள்.

கழுவிக் காய்ந்த கூண்டைப் பழைய கூண்டுக்குப் பக்கத்தில், கம்பியோடு கம்பி உரசும்படி வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பறவைகள் அதைப் பார்க்கட்டும். முதல் நாள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கி உட்காரும். புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அப்படித்தான். மூன்றாம் நாள் இந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தக் காத்திருப்பைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், பிறகு கதவைத் திறந்து வைத்தும் ஒன்றும் போகவில்லையே என்று கவலைப்படுகிறார்கள்.

புதுக் கூண்டின் உள்ளே அழகு பார்க்காதீர்கள். ஊஞ்சல், மணி, கண்ணாடி எல்லாம் இப்போது வேண்டாம். பழைய கூண்டில் இருப்பது போன்ற அதே தீனிக் கிண்ணம், அதே நிறத் தண்ணீர்க் கிண்ணம், அவை உட்கார்ந்து எச்சமிட்டுப் பழகிய பழைய குச்சி ஒன்று. இவை போதும். பட்ஜி தீனியைக் கண்ணால்தான் தேடும், மோப்பத்தால் அல்ல. வேறு வடிவக் கிண்ணத்தில் தினையை நிறைய வைத்தாலும் அது தீனி என்றே தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் பட்டினியாக உட்கார்ந்திருக்கக்கூடும்.

மாற்றும் நாளில் காலையிலேயே தொடங்குங்கள், நாள் முழுக்க வெளிச்சம் கையில் இருக்கும். ஜன்னல், அறைக்கதவு எல்லாம் சாத்தியாயிற்றா, மின்விசிறி நின்றுவிட்டதா என்று பாருங்கள். வாசலோடு வாசல் சேர்த்துக் கட்டினாலும் எங்காவது இடைவெளி இருக்கும், வீட்டுக்குள் தப்பும் பறவைக்கு மின்விசிறியைப் போல் எமன் வேறில்லை. இரண்டு கூண்டின் கதவுகளும் ஒரே உயரத்தில் வருமாறு சின்னக் கூண்டுக்கு அடியில் செங்கல்லோ தடித்த புத்தகமோ கொடுங்கள். புதுக் கூண்டின் வாசல் கொஞ்சம் மேலே இருந்தால் இன்னும் நல்லது. மிரண்ட பறவை மேல்நோக்கித்தான் போகும், கீழே இறங்கிப் போகாது. கதவுகளைத் திறந்த நிலையில் கட்டிவிட்டு, கூண்டுகளைக் கேபிள் டை அல்லது கட்டுக்கம்பியால் நாலு பக்கமும் இறுக்குங்கள். ஒரு வாசல் பெரிது, ஒன்று சிறிது என்றால் மீதி இடத்தை அட்டையால் மறைத்துத் துணி க்ளிப் போடுங்கள். இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் பட்ஜி அதைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது ஒரு நீளக் குச்சி. வேப்பங்கிளை கிடைத்தால் நல்லது, விரல் தடிமன் போதும். அதைக் கழுவி, பழைய கூண்டின் நடுவிலிருந்து இரண்டு வாசலையும் கடந்து புதுக் கூண்டின் நடுவரை போகும்படி வைத்துக் கட்டுங்கள். புதுக் கூண்டு வெளிச்சத்தில் இருக்கட்டும். பழைய கூண்டின் பின்பாதியை மட்டும் ஒரு துணியால் மெதுவாக மூடுங்கள். பறவை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நகரும். தீனிக் கிண்ணத்தை முந்தின இரவு விளக்கணைத்த பின் எடுத்துவிட்டு, காலையில் புதுக் கூண்டின் வாசலுக்கு அருகில் வையுங்கள். இரவில் எப்படியும் தின்னாது, அதனால் இதில் கொடுமை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டினி போட்டுப் பணியவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். முப்பது நாற்பது கிராம் உடம்பு அது, பகலில் பல மணி நேரம் தின்னாமல் தாங்காது. காலை பத்து மணி வரை ஒன்றுமே நகரவில்லை என்றால் பழைய கூண்டிலும் கொஞ்சம் தினை போட்டுவிட்டு மறுபடி காத்திருங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் எப்போதும் இருக்க வேண்டும்.

அப்புறம் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். இது உண்மையிலேயே முக்கியம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர வாசலைப் பார்க்காது. கதவிடுக்கில் தூரமாக நின்று பார்த்தால் நடப்பது தெரியும். நான்கில் துணிச்சலான ஒன்று குச்சியில் பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து வாசல்வரை வரும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, வழக்கத்தைவிட ஒல்லியாகத் தெரியும். கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு மறு கண்ணால் பார்க்கும். வாசல் சட்டத்தை அலகால் ஒரு கடி கடித்துப் பார்க்கும். சட்டென்று பின்வாங்கி மற்றவற்றோடு போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி வரும். இப்படிப் பலமுறை நடக்கும். பிறகு ஒருமுறை கிண்ணம்வரை போய் இரண்டு தினை உடைக்கும். தினை உடைபடும் சத்தம் கேட்டதும் அடுத்தது வரும். பட்ஜி கூட்டமாக மேயும் பறவை, ஒன்று தின்பதைப் பார்த்தால் இன்னொன்றால் சும்மா இருக்க முடியாது.

முதல் பறவை உள்ளே போனதும் ஓடிப்போய்க் கதவைச் சாத்தாதீர்கள். அது வெளியே வந்து போய் வரட்டும். நான்கும் சேர்ந்து உள்ளே இருக்கும்போதும்கூட அவசரம் வேண்டாம். புதுக் கூண்டின் கதவில் முன்கூட்டியே ஒரு நூல் கட்டி அறைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தால், எல்லாம் கிண்ணத்தைச் சுற்றி இருக்கும் நேரத்தில் தூரத்திலிருந்தே மெல்ல இறக்கிவிடலாம். வாசல் வழியே போகும் குச்சி கதவுக்குத் தடையாக இருக்கும் என்பதால் மேலிருந்து விழும் கதவாக இருந்தால் குச்சியை வாசலுக்குச் சற்று முன்னால் முடியும்படி இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போய் ஒன்று மட்டும் பழைய கூண்டில் அடம்பிடித்தாலும் பதறாதீர்கள். தனியாக இருக்க அதற்குப் பிடிக்காது. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு கட்டத்தில் போய்விடும். சாயங்காலம்வரை போகவில்லை என்றால் கதவுகள் திறந்தபடியே இரவைக் கடக்கட்டும். கட்டு உறுதியாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

கதவுகள் எந்த விதத்திலும் பொருந்தவில்லை, ஆனால் புதுக் கூண்டு ரொம்பப் பெரிது என்றால் இன்னும் எளிது. சின்னக் கூண்டை அப்படியே தூக்கிப் பெரியதன் உள்ளே வைத்து, கதவைத் திறந்து கட்டிவிட்டு வந்துவிடுங்கள். எல்லாம் வெளியே வந்தபின் காலிக் கூண்டை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது, பிடித்தே ஆகவேண்டிய நிலை. கூண்டு உடைந்துவிட்டது, ஒன்றுக்கு அடிபட்டிருக்கிறது, அன்றைக்கே ஊர் மாறவேண்டும் என்று சில நேரம் வேறு வழி இருக்காது. பட்ஜிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் இருட்டில் அசையாமல் உட்காரும். பலரும் இரவில் பிடிக்கச் சொல்வது அதனால்தான். நான் விடியற்காலையைச் சொல்வேன். ஐந்து மணி இருட்டில் பிடித்துப் புதுக் கூண்டில் விட்டால் சற்று நேரத்தில் பொழுது விடிந்து, குச்சி எங்கே, தண்ணீர் எங்கே என்று கண்ணால் பார்த்துக்கொள்ளும். இரவு ஒன்பது மணிக்குப் பிடித்து விட்டால் தெரியாத இடத்தில், பிடிபட்ட பயத்தோடு, விடியும்வரை இருட்டில் தடுமாறும். அப்படி இரவில் திடுக்கிட்டுக் கம்பியில் அடித்துக்கொண்டு சிறகு கிழிவது உண்டு. இரவில்தான் முடியும் என்றால் ஒரு சின்ன விடிவிளக்கைப் போட்டு வையுங்கள்.

பழைய கூண்டிலிருந்து கிண்ணங்களையும் குறுக்குக் குச்சிகளையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஜன்னல், விசிறி எல்லாம் முன்பு சொன்னபடி, கண்ணாடி இருந்தால் அதையும் துணியால் மூடுங்கள். எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு விளக்கை அணையுங்கள். பழைய பருத்தித் துண்டு அல்லது வேட்டித் துணி போதும். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். தடித்த தோல் கையுறையும் வேண்டாம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. கடித்தால் வலிக்கும்தான், ஆனால் விரலை எடுத்துவிடாது. முதுகுப் பக்கமாக உள்ளங்கையை வைத்து, தலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வரும்படி, சிறகுகள் உள்ளங்கைக்குள் மடங்கி இருக்கும்படி பிடியுங்கள்.

நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். மூக்கும் வாயும் திறந்தே இருந்தாலும் நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். கையில் பிடித்ததும் செத்துப்போச்சு, பயத்தில் இதயம் நின்றுவிட்டது என்று சொல்லப்படும் பல சாவுகளுக்கு இந்த இறுக்கமே காரணமாக இருக்கக்கூடும்.

ஒன்றைத் தேடி ஓரிரு நிமிடத்துக்கு மேல் துரத்தாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலோ உடனே விட்டுவிட்டு அரை மணி நேரம் அமைதி கொடுங்கள். வால் இறகு ஒன்றிரண்டு கையோடு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், எதிரியிடமிருந்து தப்ப அது உதிர்ப்பதுதான், மறுபடி முளைக்கும். ஆனால் வளரும் இறகு முறிந்து ரத்தம் சொட்டினால் சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் மெல்ல அழுத்துங்கள், நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீட்டுக்குள் ஒன்று தப்பிவிட்டால் துணியோடு பின்னால் ஓடாதீர்கள். விசிறி நின்றுவிட்டதா என்று மறுபடி பார்த்துவிட்டு, கூண்டை அறையில் உயரமான இடத்தில் கதவு திறந்து, உள்ளே மற்றவை வெளியே வராதபடி வேறொரு தடுப்போடு வையுங்கள். கூட்டாளிகள் கூப்பிடும் சத்தத்துக்கு அது கூண்டின் மேலேயே வந்து உட்காரும். அதன் பிறகு திரையை இழுத்து இருட்டாக்கித் துணி போட்டு எடுப்பது எளிது.

மாறியபின் முதல் இரண்டு நாள் கூண்டைச் சுவரோரமாக வையுங்கள், ஒரு பக்கமாவது துணியால் மறைந்திருக்கட்டும். நாலாபுறமும் திறந்த நிலையில் கூடத்தின் நடுவில் வைத்தால் ஒளிய இடமில்லாமல் தவிக்கும். சமையலறைப் பக்கமும் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் புகை பறவையைக் கொல்லும், சாம்பிராணிப் புகையும் நல்லதல்ல. கிண்ணத்தில் வைப்பதோடு கீழ்த்தட்டில் காகிதம் விரித்து அதிலும் தினையைத் தூவிவிடுங்கள். காட்டில் பட்ஜி தரையில் உதிர்ந்த புல்விதைகளைப் பொறுக்கித் தின்பதுதான் வழக்கம், அதனால் கிண்ணத்தை நெருங்கப் பயப்படும் பறவைகூடத் தரைக்கு இறங்கும்.

தின்கிறதா என்பதைக் காகிதத்தில் இருக்கும் எச்சம் சொல்லிவிடும். கரும்பச்சைச் சுருளும் நடுவில் வெள்ளையுமாக நிறைய இருந்தால் எல்லாம் சரி. சுருளே இல்லாமல் பச்சைத் தண்ணீராக மட்டும் இருந்தால் தின்னவில்லை என்று அர்த்தம். மாறிய அன்று கொஞ்சம் தண்ணீராகப் போவது பயத்தால், அதை விட்டுவிடலாம். மறுநாளும் அப்படியே என்றால், அல்லது பகலில் இறகை உப்பவைத்து இரண்டு காலிலும் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தால், அது அசதி இல்லை, நோய். காத்திருக்காதீர்கள். ஒற்றைக் காலில் தூங்கும் பறவைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

பானையில் முட்டையோ குஞ்சோ இருந்தால் இப்போது கூண்டு மாற்றவே வேண்டாம். அடை 18 நாள், குஞ்சு பானையை விட்டு வெளியே வர அதன்பின் ஏறக்குறைய ஐந்து வாரம். அதுவரை பெரிய கூண்டு காலியாகக் கிடந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் வேறு பட்ஜிகள் இருந்து, புதிதாக வந்தவற்றை அவற்றோடு சேர்க்கத்தான் இந்த மாற்றம் என்றால், ஒரு மாதமாவது வேறு அறையில் தனியாக வைத்துப் பார்த்தபின் சேருங்கள்.

ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை பட்ஜியைப் போல அலகால் கம்பியைப் பிடித்து ஏறுவதில்லை, பறந்துதான் இடம் மாறும். அதனால் குச்சிப் பாலத்தைவிட இருட்டு, வெளிச்ச வித்தியாசம்தான் வேலை செய்யும். கையில் பிடிப்பதை அவை பட்ஜி அளவுக்குக்கூடத் தாங்காது. காக்டெயில் (cockatiel) என்ற கொண்டைக் கிளி இரவில் திடுக்கிடும் பழக்கம் உள்ளது, அதற்கு விடிவிளக்கு கட்டாயம். பச்சைக்கிளி, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

காலியான சின்னக் கூண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது தனியாக வைக்கவும், மருத்துவரிடம் எடுத்துப் போகவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தக் கூண்டை அவை ஏற்கெனவே அறியும் என்பதால் அங்கே போய்வர அவ்வளவு மிரளவும் மாட்டா.